எண்ணெய் படாத கை

இலங்கையில் எஞ்சினியரை அடையாளம் காண்பது சுலபம். பழுதான இயந்திரம் ஒன்றைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒருவன் அதற்குள் தலையை விட்டிருப்பான். ஒருவன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். ஒருவன் டோர்ச் பிடிப்பான். நாலாமவர் கொஞ்சம் தள்ளி, சட்டை கசங்காமல், போனில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். அவர்தான் எஞ்சினியர். தலையை விட்டவன் எத்தனை வருடம் படித்தவனாக இருந்தாலும் அவன் பாஸ். மேசன் பாஸ், கராஜ் பாஸ் என்கிறோமே, அந்தப் பாஸ். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

உயர்தரப் பெறுபேறு வந்து, பின்னாலேயே பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் வந்துவிட்டால் கண்டியில் விசாரணைக் காலம் தொடங்கிவிடும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசல், மார்க்கெட் மேல்மாடி, பேராதனை பஸ் என்று எங்கே நின்றாலும் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

"மகனுக்குக் கெம்பஸ் கிடைச்சிருச்சாமே?"

"ஆமாங்க, எஞ்சினியரிங்..."

"பேராதனையா, மொரட்டுவையா?"

"இல்லீங்க. எஞ்சினியரிங் டெக்னோலொஜி."

"ஓ. அதுக்கென்ன, அதுவும் படிப்புத்தானே."

இந்த ஆறுதலைக் கேட்ட தகப்பன் வீட்டுக்குப் போய் முதலில் செய்வது மகனைத் திட்டுவதுதான். நாட்டில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு எட்டாத பல்கலைக்கழக அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். கல்யாணத் தரகர் இவர்களைவிட நேர்மையானவர். அவர் கொப்பியில் "எஞ்சினியர்" என்று ஒரு பக்கம், "மற்றவை" என்று ஒரு பக்கம். மூன்றாவது பக்கம் புரட்டுகிற வேலையே அவருக்கு இல்லை.

எஞ்சினியரிங்கா டெக்னோலொஜியா, எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கோபப்பட வேண்டியது நிறைய இருக்கிறது, விளக்கத்திலேயே பொழுதைக் கழிக்க முடியாது. பொறியியல் பட்டம் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஆழமாகக் கற்பித்து, இன்னும் இல்லாத ஒன்றைக் கணித்து வடிவமைக்கப் பழக்கும். பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் அந்த வடிவத்தை நிலத்தில் நிறுத்தவும், ஓட வைக்கவும், அளக்கவும், பழுது பார்க்கவும், அடுத்த தடவை இன்னும் நன்றாகச் செய்யவும் பழக்கும். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று முதலாமவர் கணக்குப் போடுவார். கொங்கிரீட் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு இறுகுகிறதா என்று இரண்டாமவர் பார்ப்பார். இவர்களில் யார் இல்லாவிட்டாலும் ஆற்றில் விழப்போவது நாம்தான். இரண்டும் நான்கு வருடப் படிப்பு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இரண்டு கௌரவப் பட்டங்களும் ஒரே 6ஆம் மட்டம். உலகத்திலும் இரண்டுக்கும் தனித்தனி அங்கீகாரம் இருக்கிறது. பொறியியல் பட்டங்களுக்கு 1989இன் வொஷிங்டன் உடன்படிக்கை, தொழில்நுட்பவியலாளருக்கு 2001இன் சிட்னி உடன்படிக்கை, டிப்ளோமா மட்டத்தாருக்கு அதற்கு அடுத்த வருடம் வந்த டப்ளின் உடன்படிக்கை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வொஷிங்டனில் முழு அங்கத்தவரானது 2014இல்.

பாக்கு நீரிணையைத் தாண்டிவிட்டால் இந்தச் சண்டை யாருக்குமே விளங்காது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவருக்கு பி.இ. கொடுக்கிறார்கள், ஐ.ஐ.டி.யில் அதையே படித்தவருக்கு பி.டெக். அந்த "டெக்" கிடைப்பதற்காகக் காணியை விற்றுப் பயிற்சி வகுப்புக்குக் கட்டுகிறார்கள். மசாசூசெட்ஸிலே ஒரு தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. அங்கே இடம் கிடைத்த பிள்ளையின் தகப்பனிடம் நம் கோயில் வாசல் பெரியவர் "அதுக்கென்ன" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, எதை எடுக்கலாம்? இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அது எப்போதோ முடிந்துபோன விஷயம். பொறியியற் பீடத்துக்கு விண்ணப்பிக்க இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்திருக்க வேண்டும். பொறியியல் தொழில்நுட்பத்துக்கு உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படித்திருக்க வேண்டும். ஒரு கதவுக்குரிய திறப்பு மற்றக் கதவில் ஏறாது. ஆக, "தெரிவு" நடந்து முடிந்தது பதினாறு வயதில், சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில், அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. அப்போதும் தெரிவு செய்தவர் பிள்ளையுமில்லை, பெற்றோருமில்லை. அந்தப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்ற ஒரே கேள்விதான் தெரிவு செய்தது.

கண்டி நகரப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும் டியூஷன் இருக்கிறது. சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டி, மண்டபம் பிடித்து, மைக் வைத்து இணைந்த கணிதம் நடத்துகிறார்கள். மைக் எட்டும் தூரத்துக்குள் வந்து உட்காரப் பணமும், இரவு திரும்பிப் போகப் பஸ்ஸும் இருந்தால் போதும். தெல்தோட்டைக்கும் மடுல்கலைக்கும் அந்த நேரத்தில் பஸ் ஏது? தோட்டத்துப் பிள்ளைக்கு நேர அட்டவணையில் கணிதப் பாடம் இருக்கும், நாற்காலியும் இருக்கும், அதில் உட்கார வேண்டியவர் மட்டும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இந்தக் குறையைத் தீர்க்க அரசாங்கம் கண்ட வழி ஆசிரிய உதவியாளர் என்ற பதவி. தோட்டப் பிள்ளைகளிலேயே உயர்தரம் படித்தவர்களைப் பிடித்து, மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் வகுப்பறையில் நிறுத்தினார்கள். பிறகு மனமிரங்கி 10,000 ஆக்கினார்கள். எதிர்கால எஞ்சினியர்களை உருவாக்கும் பொறுப்புக்கு நாடு வைத்த விலை அது. அந்தப் பணத்துக்கு ஒரு எஞ்சினியர் தன் வாகனத்துக்கு டயர்கூட மாற்றமாட்டார்.

ஹந்தானைத் தோட்டத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். அந்த மலையின் அடிவாரத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகம் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. மலையில் கொழுந்து எடுப்பவளின் மகனுக்கும் பொறியியற் பீடத்துக்கும் இடையில் உள்ள தூரம் நடக்கிற தூரந்தான். ஆனால் அந்தப் பையன் கண்டி மாவட்டத்துப் பையன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, பதுளை இருக்கிறது. கண்டி இல்லை. எப்படி இருக்கும்? திரித்துவக் கல்லூரியும் தர்மராஜவும் கிங்ஸ்வூட்டும் மஹாமாயாவும் உள்ள மாவட்டம் பின்தங்கிய மாவட்டமாகுமா? லயத்தில் ஒரு பல்பின் கீழே நாலு பேரோடு படிக்கும் பையன், அந்தக் கல்லூரிகளின் மாணவர்களோடு ஒரே ஓட்டத்தில் ஓட வேண்டும். புசல்லாவைக்கு அந்தப் பக்கம், மாவட்ட எல்லைக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் பிறந்திருந்தால் அவன் பின்தங்கியவன். இந்தப் பக்கம் பிறந்ததால் முன்னேறியவன். அவன் எந்தப் பக்கம் பிறந்தான் என்பதைத் தீர்மானித்தது தாத்தாவைப் பதிவு செய்த கணக்கப்பிள்ளை. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கு இந்தக் கதை தெரியாது. அது வெறும் எண், அதில் லயத்து நாற்றம் அடிக்காது.

பேராதனைப் பொறியியல் வாசலுக்குப் பழைய வரலாறும் உண்டு. 1971 அனுமதியில் அந்தப் பீடத்துக்கு நுழைய, 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும், சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 227 போதும். இந்த 23 புள்ளியிலிருந்து என்னென்ன பற்றி எரிந்தது என்பதை இந்த நாடு அறியும். ஆனால் அந்தச் சண்டை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் வெட்டுப்புள்ளியால் வெட்டுவதற்கு ஆளே இல்லை. தோட்டப் பாடசாலைகள் அநேகமாக ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தாயிற்று, அதற்கு மேல் வெட்டுப்புள்ளிக்கு ஏன் சிரமப்பட வேண்டும்?

ஆனபடியால் 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வருகிறது என்றபோது மலையகத்தில் பலர் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன் என்பதில் வெட்கமில்லை, யோசனை நல்ல யோசனை. கையால் செய்யத் தெரிந்த, ஏன் அப்படிச் செய்கிறோம் என்றும் தெரிந்த ஒரு தலைமுறை நாட்டுக்கு வேண்டும். பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் ஒரு பாடம், தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம் இன்னொன்று, மூன்றாவது பாடத்தைப் பெரிய பட்டியலிலிருந்து எடுக்கலாம். இதற்குள் ஆய்வுகூடங்கள் நாடு முழுவதும் எழும்பிவிட்டன. அவற்றின் பெயர் மஹிந்தோதய ஆய்வுகூடம். லேத் மெஷினுக்கு முன்னால் பெயர்ப்பலகை வந்து சேர்ந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. பெயருக்குரிய ஜனாதிபதி 2015 ஜனவரியில் தேர்தலில் தோற்றார். தொழில்நுட்பப் பிரிவின் முதல் தொகுதி அதே வருடம் ஓகஸ்டில் பரீட்சை எழுதியது. பிள்ளை பிறக்குமுன்பே பெயர் வைத்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

முதல் தொகுதி பரீட்சை எழுதிய பிறகுதான், இவர்களை எங்கே அனுப்புவது என்று பல்கலைக்கழகங்கள் யோசித்தன. அவசரமாகப் பீடங்கள் முளைத்தன. கொழும்பு, ஜயவர்தனபுர, ரஜரட்ட, ருகுணை, யாழ்ப்பாணம் என்று பட்டியல் நீண்டது. ஒன்பது பீடங்கள் வைத்திருக்கும் பேராதனையில் தொழில்நுட்பத்துக்கு ஒரு பீடம் இல்லை. கண்டிப் பிள்ளை மிகிந்தலைக்கோ ஹோமாகமவுக்கோ கிளிநொச்சிக்கோ பெட்டி கட்ட வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகர் இன்னும் சுவாரசியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே தண்ணீர்த் தட்டுப்பாடு, ஒரே கொழும்பு பஸ். நாலு வருடம் கழித்து வெளியே வரும்போது மட்டும் இரண்டு சாதி.

சாதி என்று சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த ஏணி பழகிய ஏணிதான். பெரிய துரை, சின்னத்துரை, டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பெரிய வீடு, இந்த உயரத்தில், துரையின் பங்களாவிலிருந்து இவ்வளவு தூரத்தில் என்று வெள்ளைக்காரன் அளந்து வைத்தான். யார் யாருக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற வேண்டும், யார் வந்தால் பாதையிலிருந்து இறங்க வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஏணி போகவில்லை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பொறியியல் பேரவை வந்தது. தொழிலாளர் உயிர் பறிக்கும் கட்டிடங்களைப் போலிகள் கட்டாமல் தடுக்கப் பதிவு வேண்டும் என்பது நியாயமான காரணம், அதை மறுக்கவில்லை. பட்டயப் பொறியியலாளர், இணைப் பொறியியலாளர் என்று மேலிருந்து தொடங்கி, டிப்ளோமாதாரர், தொழில்நுட்பர் வரை வகை வகையாகப் பதிவேடு. நான் அந்த வரிசையைப் படித்தபோது கண்ணுக்கு முன்னால் ஒரு தேயிலை மலை எழும்பி நின்றது. உச்சியில் பங்களா, அடியில் லயம். யார் எந்த மட்டத்தில் என்பதுதான் புதிது.

துரைமாரின் பயமும் பழைய பயந்தான். கணக்கப்பிள்ளை மகன் ஆங்கிலம் படித்தால் நாளைக்கு நாற்காலி கேட்பானே! தொழில்நுட்பப் பட்டதாரிக்கு எங்கே வேலை என்று கேட்டால் மேலே உள்ளவர் சொல்வார், பொறியியல் சேவைக்கு உங்கள் பட்டம் பொருந்தாது என்று. கீழே போனால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவி டிப்ளோமாக்காரருக்கு உரியது, நீங்கள் அதிகம் படித்துவிட்டீர்கள் என்பார்கள். ஒரு இடத்துக்கு உயரம் போதாது, இன்னொரு இடத்துக்கு உயரம் கூடிவிட்டது. நடுவில் நிற்பவனுக்கு அரசாங்கம் கைவசம் வைத்திருக்கும் மருந்து ஒன்றுண்டு. 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்று அறிவித்தார்களே, அந்த மாதிரி. பிரதேச செயலகத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வரவுப் புத்தகம். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நாலு வருடம் படித்தவன், வாழ்வாதார உதவிக்கான கோழிக்குஞ்சுகளை எண்ணிப் பதிவு செய்யலாம். கோழிக்குஞ்சு தானாக இயங்குவதால் துறை மாறிவிட்டது என்று குறை சொல்லவும் முடியாது.

கையில் எண்ணெய் பட்டவனைக் கீழே வைக்கும் இந்த ஊரைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? கண்டிக்கு வரும் உல்லாசப் பயணி முதலில் படமெடுப்பது குளத்தையும் பத்திரிப்புவ மண்டபத்தையும். இரண்டையும் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்காகக் கட்டியவர் தேவேந்திர மூலாச்சாரி. 1807இல் குளம். உளியும் மட்டப்பலகையும் பிடித்த ஆசாரி. இன்று அவர் உயிரோடு வந்து மாநகர சபையில் வரைபடம் கொடுத்தால், கையொப்பமிடத் தகுதி இல்லை என்று அடுத்த கவுண்டருக்கு அனுப்புவார்கள். அடுத்த கவுண்டர் சாப்பாட்டு நேரமென்று மூடியிருக்கும்.

கொழும்பு வீதியில் கடுகண்ணாவையில் ஒரு வெள்ளைத் தூபி நிற்கிறது, 1832இல் எழுப்பியது. அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக்கு. டோசன் எஞ்சினியர், ஆகவே தூபி. பாறையை உடைத்தவர்கள் எஞ்சினியரல்லர், ஆகவே காய்ச்சல்.

லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறியவன். பட்டம் இல்லை. பங்களா விறாந்தையே அவனுடைய தொழிற்சாலை. கொழுந்தைக் கையால் உருட்டிப் பார்த்து, பின்பு உருட்டும் இயந்திரம் ஒன்றையும் தானே செய்தான். ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் பட்டறை போட்டது கோப்பித் தோட்டத்து இயந்திரங்களைத் திருத்த. இந்த மலைநாட்டின் பொறியியல் கராஜில் பிறந்தது, விறாந்தையில் வளர்ந்தது. அது வெள்ளைக்காரனின் கையென்பதால் அதில் பட்ட எண்ணெய்க்கு "கண்டுபிடிப்பு" என்று பெயர் வந்தது. அதே இயந்திரத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓட வைத்த தோட்டத்து மனிதனின் எண்ணெய் சவர்க்காரத்துக்கும் போகாத அழுக்கு. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் அந்த இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். துடைத்தவன் பெயரை எதிலும் எழுதவில்லை.

உள்ளூர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். டி.ஜே. விமலசுரேந்திர. இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பொதுவேலைத் திணைக்களத்தில் அடிமட்டத்திலிருந்து ஏறியவர். 1918இல் பொறியியற் சங்கத்தில் எழுந்து நின்று, மஸ்கெலியாப் பக்கத்து அருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை படித்தார். அன்றைய துரைமார் அதைக் கிடப்பில் போட்டார்கள். அவர் 1931இல் அரசாங்க சபைக்கே தெரிவாகிப் போய் அதைப் பேச வேண்டியிருந்தது. லக்சபானவில் மின்சாரம் வந்தது 1950இல். இப்போது அவர் "நீர்மின்சாரத்தின் தந்தை". இங்கே ஒருவர் தந்தையாக வேண்டுமானால் முதலில் அனாதையாக முப்பது வருடம் அலைய வேண்டும்.

பேராதனையிலேயே வேறு மாதிரி மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்த பீடம் அது. பேராசிரியர் அழகையா துரைராஜா அங்கே பீடாதிபதியாக இருந்தவர், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மண் பொறியியல் படிக்கும் உலகம் இன்றும் எடுத்துப் பார்க்கிறது. எதைப் பற்றி? ஈரக் களிமண்ணைப் பற்றி. அது அழுத்தத்தில் எப்போது வளையும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதைப் பற்றி. சேற்றில் கை வைக்காமல் அந்தக் கணிதம் வராது. பீடத்தையும் அக்பர் விடுதியையும் மகாவலிக்கு மேலால் இணைக்கும் பாலத்தைப் பீடத்து ஆட்களே நின்று கட்டினார்கள். அந்தப் பாலத்தால் இன்று நடந்து போகும் சிலருக்கு, பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பில் படித்தவன் "டெக்னோலொஜி" என்றால் சிரிப்பு வருகிறது.

சிரிக்க வேண்டியது வேறு இடத்தில். இத்தனை வருடமாக எஞ்சினியர்களை உற்பத்தி செய்யும் பேராதனையிலிருந்து கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர். பாடசாலை விடும் நேரத்தில் அந்தத் தூரத்தைப் பஸ்ஸில் கடந்து பாருங்கள். மூன்று உடன்படிக்கைகளின் வரலாற்றையும் படித்து முடித்துவிட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தால் இன்னும் கெட்டம்பே வந்திருக்காது. சுரங்கப்பாதை வருகிறது, சுரங்கப்பாதை வருகிறது என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. வாக்குறுதிக்கு மட்டும் மலையைக் குடையத் தேவையில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டுவிட்டதாக எரிசக்தி அமைச்சர் சொன்னார். உலகப் பத்திரிகைகளுக்கு நல்ல சிரிப்பு. எனக்குத் தோன்றியது வேறு. ஒரு குரங்கு ஒரு தீவை அணைத்துவிட முடியும் என்றால், வடிவமைப்புக்கும் பராமரிப்புக்கும் இடையில் யாரோ இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அந்த இடத்துக்குத்தான் தொழில்நுட்பவியலாளர் என்று பெயர். அந்த ஆளை வீட்டில் இருத்திவிட்டோம். குரங்கு எந்தச் சங்கத்திலும் அங்கத்தவரில்லை, அதனால் அதனிடம் விளக்கம் கேட்கவும் முடியவில்லை.

வெளிநாடு போகிறவர்கள் கதை தனி வேடிக்கை. அவுஸ்திரேலியாவின் குடிவரவுத் தொழில் வகைகளில் பொறியியலாளருக்கு ஒரு வகை, பொறியியல் தொழில்நுட்பவியலாளருக்கு வேறொரு வகை. இரண்டும் திறன்மிகு தொழில்தான். கண்டியில் "டெக்னோலொஜியா?" என்று மூக்கைச் சுளித்த எஞ்சினியர் தம்பி மெல்பர்னில் இறங்கிய இரண்டாம் மாதம் மஞ்சள் ஜக்கெட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக நின்று படமெடுத்து முகநூலில் போடுவார். கீழே கண்டியிலிருந்து மாமா எழுதுவார்: "பெருமையாக இருக்கிறது மகன்." அதே பூட்ஸோடு கட்டுக்கலைக் கோயில் வாசலில் நின்றிருந்தால் மாமா அடுத்த வாசலால் போயிருப்பார்.

ஒவ்வொரு தேர்தலிலும் மலையகப் பல்கலைக்கழகம் ஒன்று மேடையில் கட்டி முடிக்கப்படுகிறது. அதில் எந்தப் பீடம் வரும், எஞ்சினியரிங்கா டெக்னோலொஜியா என்று நம் ஆட்கள் இப்போதே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. அனுமதிக் கைநூலில் மூன்றாவது பிரிவு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், அது ஏற்கெனவே நன்றாக நடக்கிறது. கணித ஆசிரியரும் இல்லாத, தொழில்நுட்ப ஆசிரியரும் இல்லாத, ஆய்வுகூடத்தின் சாவி அதிபரின் மேசைக்குள் கிடக்கும் தோட்டப் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் நேரே அதில் சேர்கிறார்கள். வளாகம் கொழும்பு புறக்கோட்டையில், புடவைக்கடைகளிலும் இரும்புக்கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும். இசட் புள்ளி கேட்பதில்லை. மாவட்ட ஒதுக்கீடு கிடையாது, கண்டிப் பிள்ளைக்கும் நுவரெலியாப் பிள்ளைக்கும் அங்கே பூரண சமத்துவம். விடுதி கடைக்கு மேல்மாடியில், சாப்பாடு இலவசம். இடம் இல்லை என்று யாரையும் திருப்பியனுப்பியதில்லை. ஆளெடுக்கும் தரகர் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தியே லயத்துக்கு வந்து, தகப்பனிடம் முற்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆணைக்குழுவின் கடிதம் ஒருநாளும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.